விடிகாலை மாத்திரை பிறந்த கதை

கேரள எல்லையில், புளியறை சோதனைச் சாவடியை ஒட்டிய டீக்கடைகளில் விடிகாலை நாலரைக்கெல்லாம் பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிடும். கோட்டைவாசல் ஏற்றத்தைப் பிடிக்கப்போகிற லாரிகள் ஒரு பக்கம், ஆரியங்காவு பக்கமிருந்து இறங்கி வந்தவை ஒரு பக்கம். ஆடிச் சாரலில் நனைந்தபடி ஓட்டுநர்கள் வந்து நிற்பார்கள். டீ ஆற்றிக் கொடுக்கிற அம்மா மட்டும் குடிக்க மாட்டார். “நீங்க குடிக்கலியா மதினி?” என்று யாராவது கேட்டால், “மாத்திரை போட்டுருக்கம்லா, இன்னும் அரைமணி நேரம் ஆவணும்” என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். என்ன மாத்திரை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டவர் வீட்டிலும் அத்தையோ அக்காவோ அதே மாத்திரையைப் போட்டுவிட்டு அதே அரைமணி நேரத்தைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,360 பெரியவர்களைச் சோதித்தது. அவர்களில் 10.95 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தது. எனவே இந்த மாத்திரை நம் வீடுகளில் உப்பு, புளி போலப் புழங்குவதில் ஆச்சரியம் இல்லை. மருந்தின் பெயர் லெவோதைராக்சின். எல்ட்ராக்சின் என்றும் தைரோநார்ம் என்றும் கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். டப்பாவில் 25, 50, 100 என்று போட்டிருக்கும். அது மைக்ரோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டு எடுத்த பங்கு. தினம் நூறு மைக்ரோகிராம் போடுகிறவருக்கு ஒரே ஒரு கிராம் மருந்து தீர 27 வருடம் ஆகும்.

காலையில், வெறும் வயிற்றில், நாளைக்கு ஒரு தடவை. டாக்டர் சீட்டில் ஒரே வரியாக வரும் இந்த மூன்றும் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. அவற்றுக்கு நடுவே பல பத்தாண்டுகள் இருக்கின்றன. முதலில் மாத்திரையைப் பார்ப்போம்.

லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் சில பெண்களைப் பற்றி எழுதினார். முகம் உப்பி, நாக்கு தடித்து, பேச்சு இழுத்து, நடுவயதிலேயே மந்தமாகிப்போனவர்கள். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. பத்து வருடம் கழித்து, சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோஹர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுசாக அறுத்தெடுத்த தன் பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அவர்களும் அதே கோலத்தில் வந்து நின்றார்கள். அதற்குமுன் தைராய்டு எதற்கு இருக்கிறது என்றே மருத்துவ உலகுக்குத் தெளிவாகத் தெரியாது. கோஹர் முழுதாக அகற்றும் வழக்கத்தை விட்டார். பிற்பாடு 1909இல் நோபல் பரிசும் பெற்றார். தன் கைத்திறமை விளைவித்த கேட்டைத் தானே எழுதி வெளியிட்ட மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

சுரப்பி போனதால்தான் நோய் என்றால், சுரப்பியைத் திருப்பிக் கொடுத்தால்? 1890இல் லிஸ்பனில் இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆட்டின் தைராய்டை ஒரு பெண்ணின் தோலுக்கடியில் பதித்துத் தைத்தார்கள். மறுநாளே அவருக்குத் தெம்பு வந்தது. ஒட்டவைத்த சுரப்பி ஒரே நாளில் வேரூன்றி வேலை செய்திருக்க முடியாது, அதிலிருந்து கசிந்த சாறுதான் காரணம் என்று அவர்கள் சரியாகவே ஊகித்தார்கள். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் 1891இல் ஆட்டுத் தைராய்டைக் கிளிசரினில் ஊறவைத்து, பிழிந்து, 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியே ஏற்றினார். மந்தமாகிக் கிடந்தவர் தேறிவந்தார். அடுத்த ஆண்டே இன்னும் இரண்டு ஆங்கில மருத்துவர்கள், ஊசி வேண்டாம், வாய்வழி தந்தாலே போதும் என்று கண்டார்கள். அதில் ஒருவரின் செய்முறை: வாரம் ஒருமுறை, பாதி ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துக் கொத்தி, பழப்பாகு தொட்டுச் சாப்பிட வேண்டும். இன்றைய விடிகாலை மாத்திரைக்கு இதுதான் பாட்டி. ஈரல் வறுவல் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது அவ்வளவு வினோதமாகத் தோன்றாது.

மரேயின் நோயாளி 74 வயதுவரை வாழ்ந்து 1919இல் இறந்தார். அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானது என்று மரேயே கணக்கு எழுதிவைத்தார். 28 வருட உயிர் அது. இன்றைய மாத்திரைக் கணக்கில் பார்த்தால் ஒரு கிராமை ஒட்டிய மருந்து.

அந்த ஒரு கிராமைத் தனியே பிரித்தெடுத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த எட்வர்ட் கெண்டல். 1914 டிசம்பர் கடைசியில் ஒரு நாள், அடுப்பில் ஆல்கஹால் கரைசலைச் சுண்டவைத்தபடி அவர் தூங்கிப்போனார். விழித்தபோது பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. அதைத் தூய்மைப்படுத்தி, கிறிஸ்துமஸ் அன்று படிகமாக எடுத்தார். அதுதான் தைராக்சின். பிறகு மூன்று டன் பன்றித் தைராய்டைப் பிழிந்து 33 கிராம் அளவுக்குச் சேர்த்தார். ஆனால் அதன் வேதியியல் அமைப்பை அவர் தப்பாகச் சொல்லிவிட்டார். சரியான அமைப்பை 1926இல் கண்டதும், அடுத்த வருடம் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டியதும் சார்லஸ் ஹாரிங்டன். ஒவ்வொரு தைராக்சின் மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கும், அதனால் மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக டி4 என்பார்கள். விற்பனைக்கு ஏற்ற சோடியம் உப்பாக அது மாத்திரை வடிவில் பரவியது 1950களில்.

அயோடின் என்றதும் கதை நம் பக்கம் திரும்பிவிடுகிறது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கிட் மலைப்பகுதியில் இருந்தார். ஊருக்கு ஊர் கழுத்து வீங்கிக் கிடப்பதைப் பார்த்து, ஓடைத் தண்ணீரில் இருக்கும் அழுக்குதான் காரணம் என்று நினைத்தார். அந்த வண்டலைத் தானே குடித்துப் பார்த்தார், மற்றவர்களையும் குடிக்கவைத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கவும் செய்தது. முழு விடை அதுவல்ல, மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாததே அடிப்படைக் குறை. 1918இல் அவர் நம் குன்னூருக்கு வந்து, பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். (அங்கேதான் எலிகளுக்குச் சீக்கியர் சாப்பாடும் மதராஸ் சாப்பாடும் தனித்தனியே போட்டு, நம் சாப்பாட்டைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். அது வேறு வழக்கு.) அந்த அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அதே குன்னூர் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வடக்கே போனவர் வி. ராமலிங்கசுவாமி. இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய சோதனையில், ஒரு பகுதி மக்களுக்கு வெறும் உப்பும் மற்ற பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் கிடைக்கச் செய்தார். சில வருடங்களில் அயோடின் உப்புப் பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அந்த 1956 நமக்கு இன்னொரு காரணத்தாலும் முக்கியம்: திருவிதாங்கூர்-கொச்சியின் கீழ் இருந்த செங்கோட்டையும் புளியறையும் அந்த நவம்பர் முதல் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இன்று இதே சாவடி வழியாகத் தூத்துக்குடி உப்பு மூட்டை மலை தாண்டும்போது, மூட்டைமேல் அயோடின் என்று அச்சிட்டிருப்பதற்குக் காங்ராதான் மூலம்.

உப்பு சரியானால் நோய் ஒழிய வேண்டியதுதானே என்று கேட்கலாம். அயோடின் குறைவால் வருவது ஒரு வகை. இன்று நம் ஊர் மதினிகளுக்கு வருவதில் பெரும்பாலானது வேறு வகை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவது. அதற்கு மாத்திரைதான் வழி.

சரி, ஏன் நாளைக்கு ஒரே தடவை? சர்க்கரை மாத்திரையை மூன்று வேளை விழுங்குகிற வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். புரதங்களோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றிவருவதால் அதற்கு அவசரமே கிடையாது. ஒரு நாள் மறந்தாலும் உடம்பு தடுமாறாது. 1952இல் லண்டனில் ஜாக் கிராஸும் ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸும் அதைவிடத் துடியான டி3யைக் கண்டுபிடித்தார்கள். மூன்று அயோடின் அணு கொண்டது, ஒரு நாளிலேயே பாதியாகிவிடும். அப்போது, மாத்திரையில் இரண்டையும் கலந்து தர வேண்டுமோ என்ற கேள்வி வந்தது. 1970இல் அமெரிக்க மருத்துவர்கள், தைராய்டே இல்லாத நோயாளிகளுக்கு வெறும் டி4 மட்டும் கொடுத்து, அவர்கள் ரத்தத்தில் டி3 தானாக உருவாவதைக் காட்டினார்கள். மூலப்பொருளைக் கொடுத்தால் போதும், தேவைக்கேற்ப உடம்பே ஓர் அயோடினைக் கழற்றிக்கொள்கிறது. ‘ஒரு தடவை’ என்பதற்கு அறிவியல் இப்படித்தான் கையெழுத்துப் போட்டது.

‘காலை’ என்பதற்கு அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. சொல்லப்போனால் உடம்பின் கடிகாரம் நேர் எதிராக ஓடுகிறது.

தைராய்டு தானாகச் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி அதற்கு டிஎஸ்ஹெச் என்ற உத்தரவை அனுப்புகிறது; சுரப்பு குறைந்தால் உத்தரவு கூடும். பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் இருந்து உத்தரவிடுகிறது. அந்த மேலுத்தரவு என்ன பொருள் என்று கண்டுபிடிக்க ரோஜர் கியுமான் லட்சக்கணக்கான ஆட்டு மூளைகளையும், அவருக்குப் போட்டியாக ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் அரைத்துத் தீர்த்தார்கள். 1969இல் இருவரும் விடையை எட்டினார்கள். இந்தக் கதை முழுக்க ஆடு விலகவே இல்லை. 1977இல் அவர்களோடு நோபல் பரிசைப் பங்கிட்டவர் ரோசலின் யாலோ. ரத்தத்தில் இம்மியளவு இருக்கும் ஹார்மோனையும் அளக்கும் முறையைத் தந்தவர். இன்று பரிசோதனைச் சீட்டில் ‘டிஎஸ்ஹெச்’ என்று ஓர் எண் வருகிறதென்றால் அந்த வழி திறந்தது அவரால்தான்.

அளக்க முடிந்ததும், மணிக்கு மணி அளந்து பார்த்தார்கள். பிற்பகலில் டிஎஸ்ஹெச் அடிமட்டத்தில் கிடக்கிறது. மாலை சாய்ந்து, ராத்திரி எட்டு ஒன்பதுக்கு மேல் ஏற ஆரம்பிக்கிறது. நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் நடுவே உச்சம். பிற்பகலைவிட ஒன்றரை மடங்கு, சிலரிடம் இரண்டு மடங்குகூட இருக்கும். காலை வெயிலேற இறங்குகிறது. 2008இல் வந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 33 பேரிடம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு முழு நாள், சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தார்கள். டிஎஸ்ஹெச் உயர்ந்த ஒன்றரை மணி நேரத்தில் டி3யும் அதன் பின்னால் லேசாக உயர்ந்தது. டி4 மட்டும் அந்தத் தாளத்துக்கு ஆடவில்லை.

தூக்கம் இந்த ஏற்றத்துக்கு ஒரு கடிவாளம். தூங்கினால் ஏற்றம் மட்டுப்படுகிறது. முழு ராத்திரியும் விழித்திருந்தால் டிஎஸ்ஹெச் இன்னும் உயரே போகிறது. கோட்டயத்தில் சரக்கேற்றி ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, புளியறையில் டீ குடித்து, செங்கோட்டையில் இறங்கியதும் கையோடு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிற ஓட்டுநரின் எண்ணும், எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவரின் எண்ணும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கத்தக்கவை அல்ல. சீட்டில் 5.2 என்று வந்தால் அது நோயா, ராத்திரி வண்டி ஓட்டியதா? சீட்டுக்கு அது தெரியாது. எந்த ராத்திரிக்குப் பின் எடுத்த ரத்தம் என்று எழுத அதில் இடமும் இல்லை.

ரத்தத்துக்கு அப்பால் இன்னொரு நீர் இருக்கிறது. மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி 150 மில்லி அளவில் ஒரு தெளிந்த திரவம், தினம் மூன்று நான்கு முறை புதிதாக ஊறுகிறது. மூளை அறைகளுக்குள் இருக்கும் ரத்தநாளப் பின்னல் அதைச் சுரக்கிறது. 1942இல் நியூயார்க்கில் எல்வின் கபாட் குழு அந்த நீரை மின்புலத்தில் ஓடவிட்டுப் பார்த்தபோது, வேகமாக முந்தி ஓடும் ஒரு புரதம் தெரிந்தது. இப்போது அதன் பெயர் டிரான்ஸ்தைரெட்டின். டி4ஐச் சுமக்கும் புரதம். ரத்தத்தில் இந்தச் சுமையில் பெரும்பங்கு வேறொரு புரதத்தின் தலையில், மூளை நீரிலோ டிரான்ஸ்தைரெட்டின்தான் முதன்மை. அதையும் அந்தப் பின்னலே தயாரித்து நீரில் விடுகிறது. மூளைக்கு வேண்டிய டி3யில் பெரும்பகுதியை மூளையின் துணைச் செல்கள் டி4இலிருந்து அங்கேயே செய்துகொள்கின்றன. அதாவது டீக்கடை மதினியின் கைத்தண்டில் எடுத்த ரத்தம், அவர் மூளைக்குள் அந்த நேரத்தில் எவ்வளவு ஹார்மோன் வேலை செய்கிறது என்பதை நேரடியாகச் சொல்லாது. ஓரளவு ஊகிக்க உதவும், அவ்வளவே.

அந்த நீருக்கும் ராப்பகல் உண்டா? 1992இல் ஸ்காண்டினேவிய ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ மூலம் சில தன்னார்வலர்களிடம் அளந்தார்கள். மாலை ஆறு மணியளவில் ஊற்று மெலிந்திருந்தது, ராத்திரி இரண்டு மணியளவில் பெருகியிருந்தது. டிஎஸ்ஹெச் உச்சத்துக்கு ஏறுகிற அதே சாமம்! இரண்டுக்கும் முடிச்சுப் போட ஆசை வரும். நான் போட மாட்டேன். முதுகில் ஊசி குத்தி மணிக்கு மணி நீர் எடுக்க யாரும் சும்மா சம்மதிக்க மாட்டார்கள், அதனால் மனிதரிடம் இந்தக் கணக்கு ரத்தக் கணக்கைப்போல எளிதில் தேறுவதில்லை.

உடம்பின் உத்தரவு ராத்திரியில் உச்சமென்றால் மாத்திரை ஏன் காலையில்? பதில் மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. விழுங்கிய லெவோதைராக்சினில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடுதான் சிறுகுடலில் உறிஞ்சப்படும். அதுவும் வயிறு காலியாக இருந்தால்தான். காபி அதைத் தடுக்கிறது. சோயா தடுக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் பிடித்து நிறுத்திவிடுகின்றன. கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான். ஒரு நாளில் வயிறு நிச்சயமாகக் காலியாக இருக்கும் நேரம் எது என்று பார்த்தால் விடியலைத் தவிர வேறில்லை. ‘காலை’ இப்படித்தான் சீட்டுக்குள் வந்தது. ‘வெறும் வயிற்றில்’ என்பதன் நிழல் அது.

நெதர்லாந்தில் ஒரு மருத்துவக் குழு அந்த நிழலைச் சோதித்தது. ஒரே நோயாளிகளுக்கு மூன்று மாதம் காலையிலும் மூன்று மாதம் படுக்கப்போகும்போதும் மாத்திரை கொடுத்துப் பார்த்தது. 2010இல் முடிவு வந்தது: 90 பேர் முழுதாக முடித்தார்கள், ராத்திரி மாத்திரையில் டி4 கூடியது, டிஎஸ்ஹெச் இன்னும் நன்றாக இறங்கியது. ஆனால் ஆட்களுக்கு உடம்பில் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. டச்சுக்காரர் ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுவார். நம் வீட்டில் ஒன்பதரைக்குத் தோசை, பத்து மணிக்குப் பாய். ராத்திரி மாத்திரை இங்கே தோற்குமானால் தோசையால் தோற்கும், ஹார்மோனால் அல்ல. முன்னேரத்தில் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்வதில் தப்பே இல்லை என்பது என் எண்ணம்.

ரத்தம் எடுக்கும் நேரமும் இதே சங்கதிதான். 2017இல் சென்னையில் ஸ்ரீராம் மகாதேவன் உள்ளிட்ட மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெறும் வயிற்றில் எடுத்ததைவிட, சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தில் டிஎஸ்ஹெச் குறைந்திருந்தது. டி4 பெரிதாக அசையவில்லை. ஆள் ஒருவரே, நாளும் அதேதான். எல்லைக்கோட்டில் நிற்பவர் காலை ஏழு மணிச் சீட்டில் நோயாளியாகவும், பதினொரு மணிச் சீட்டில் ஆரோக்கியமானவராகவும் வரலாம். வாழ்நாள் முழுக்க மாத்திரையா இல்லையா என்ற முடிவு அந்தச் சின்ன வித்தியாசத்தில் தொங்குகிறது.

ஆகவே மருந்துச் சீட்டு வைத்திருக்கும் அக்கா, மதினி, அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ரத்தம் கொடுக்கப்போகும்போது, போன முறை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்களோ அதே மணிக்குப் போங்கள். அன்றைய மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முந்தின ராத்திரி கண்விழித்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சீட்டில் நேரத்தையும் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள்.